பேதி உப்பும் ஆர்.என்.ஏயும்

ஆய்வுகூட அலுமாரியைத் துப்புரவாக்கிய மாணவி ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டி, "இதை எறியட்டா மிஸ்?" என்றாள். உள்ளே வெள்ளை உப்பு. வெளியே 'தின்னாதே' என்று கொட்டை எழுத்து. ஜெயந்தியின் கையெழுத்து.

சண்டைக் காலத்தில் ஜெயந்தியும் நானும் இந்தப் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர்கள். அவளுக்கு ஆர்.என்.ஏ பைத்தியம். உயிரணுவுக்குள் இருக்கும் அந்த இழையின் பாகங்கள் ஒன்றையொன்று தள்ளும். மக்னீசியம் அயன் இடையில் புகுந்தால்தான் இழை மடிந்து உருவம் எடுக்கும். உருவம் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அந்த மடிப்பு எவ்வளவு சூடு தாங்கும் என்று அளந்து அனுப்பினால் அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு. ஆனால், ரசாயனம் என்று பெயர் இருந்தாலே கொழும்பிலிருந்து வர ஆமி விடாத காலம்.

பேதி உப்பும் மக்னீசியம்தானே என்று அவளுக்குத்தான் தோன்றியது. சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனோம். மருந்துக்கடை முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அரைக் கிலோ நிறுத்துவிட்டு, "ஆருக்கெண்டாலும் கொஞ்சமாக் குடுங்க புள்ள" என்றார்.

திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் ஆட்களை மறித்துச் சோதிக்கும் சென்றியில் ஆமிக்காரன் பொதியைப் பிரித்தான். வெள்ளைத் தூள் என்றால் அவனுக்குக் குண்டுதான். தின்று காட்டச் சொன்னான். நான் விறைத்துப்போய் நின்றேன். எப்போதுமே பெரிய வீராங்கனை நான். ஜெயந்தி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, அவனிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

பின்னேரம் கரண்ட் இருந்தது. போனால் எப்போது வருமோ தெரியாது. உப்பைக் கரைத்து வடித்து அளக்கத் தொடங்கினாள். பாதியில் வயிறு கடமுடாவென்றது. "ஓடிட்டு வாறன், சூட்டப் பாத்துக்க" என்று கக்கூசுக்கும் அளக்கிற மெசினுக்கும் ஓடி ஓடியே முடித்தாள். மக்னீசியம் இல்லாத ஆர்.என்.ஏ சீக்கிரமே குலைந்தது. பேதி உப்புப் போட்டது கூடின சூட்டிலும் தாங்கி நின்றது. "பிடிச்சிட்டுது" என்று சுவரில் சாய்ந்து குந்தினாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. மிச்ச உப்பைப் போத்தலில் போட்டு, தின்னப் பயந்த என்னைச் சீண்டத்தான் 'தின்னாதே' என்று எழுதி ஒட்டினாள்.

அளவுகளை அனுப்பிச் சில மாதங்களின் பின், வவுணதீவில் இருந்த தன் வீட்டுக்கு வெளிக்கிட்டவள் போய்ச் சேரவில்லை. அவள் தாயோடு சென்றி சென்றியாகப் போய்க் கேட்டேன். அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி அதன்பிறகுதான் வந்தது.

"எறியாத புள்ள, அது பழுதாகாது" என்று மாணவியிடமிருந்து போத்தலை வாங்கி வைத்தேன்.

இப்போது மக்னீசியம் கூரியரில் வருகிறது. பாலத்தால் எதைக் கொண்டுபோனாலும் எவரும் மறிப்பதில்லை. சென்றிகள் எல்லாம் போய்விட்டன. ஜெயந்தி எங்கே என்று போய்க் கேட்க இனி ஓர் இடமும் இல்லை.