முதல் பக்கத்தில் ஒரு கோடு

ஹென்றியின் பக்தி சரியாக மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை, இப்போதெல்லாம் எல்லோருடைய போனையும் பிடுங்கி வைத்துவிட்டு முழங்காலில் நிற்க வைப்பார். கண்ணை மூடி ஜெபிக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? யார் அசைகிறார்கள் என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்! கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கூத்துத்தான். கர்த்தரிடம் அவர் சொல்வதில் பாதி அடுத்த வீட்டார் குற்றங்கள். கேட்டுக் கேட்டு மனைவி அக்னெசுக்கே அலுத்துவிட்டது, கர்த்தருக்கு எப்படி இருக்குமோ!

மட்டக்களப்பிலிருந்து வந்த அவருடைய வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் குடும்பத்தின் பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் எழுதியிருக்கும். அதில் பேனை வைக்கும் அதிகாரம் ஹென்றிக்கு மட்டும்தான்.

போன ஞாயிறு மகள் றொஷினி வந்து, வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் கீர்த்திகனைக் கட்டப்போவதாகச் சொன்னாள்.

"சேர்ச்சில ஏன் ஏலாது?" என்று ஹென்றி உறுமினார்.

"எனக்கு நம்பிக்கை இல்லை அப்பா. பொய்யா முழங்காலில நிக்க மாட்டன்."

அவள் போனதும் ஹென்றி முதல் பக்கத்தைத் திறந்து, றொஷினியின் பெயரைக் கோடு போட்டு வெட்டினார்.

"நீதிமன்றக் கந்தோரில எழுதிறதெல்லாம் கலியாணமா? நீயும் போகப்படாது!" என்று அக்னெசை அதட்டினார்.

அக்னெசுக்குத் தன் கலியாணம் ஞாபகம் வந்தது. அவள் கனடா வந்த தொண்ணூறு நாளுக்குள் கலியாணம் எழுத வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. இதே நீதிமன்றத்தில்தான் எழுதினார்கள். "சேர்ச்சில பேந்து செய்வம்" என்றார் இந்த மகாபக்தர். ஓவர்டைம் அவருக்குப் பெரிதாய்ப் போயிற்று. அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் 'பரிசுத்த விவாகம்' என்று எழுத மட்டும் அவருக்கு வெட்கமே இருக்கவில்லை.

அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனையை உருவினாள். அந்த வரியின் மேல் நீளமாக ஒரு கோடு கிழித்தாள்.

"ஐயோ, என்ன செய்யிறாய்?"

"கந்தோரில எழுதினது கலியாணமில்லை எண்டா, நான் இவ்வளவு காலமும் ஆருக்குச் சமைச்சுப் போட்டனான்? வெள்ளிக்கிழமை நான் போறன். நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க."

ஏழு மணிக்கு ஹென்றி தனியாக முழங்காலில் நின்றார். அக்னெஸ் சுடச்சுடச் சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

பார்க்கட்டும் என்று அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.