நண்டுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பாண்

போனுக்குக் காசு ஏத்துற ரீலோட் கடை வைச்சிருக்கிற ஒருத்தி ஒரு நாள் முழுக்க ஏச்சு வாங்காம வீட்டுக்குப் போறா எண்டா, அண்டைக்குப் போன் லைனை வெட்டிப்போட்டாங்க எண்டு அர்த்தம். இந்தத் தொழிலில கிடந்து மாரடிச்ச ஆக்களுக்கு நான் சொல்றது விளங்கும். மற்ற ஆக்கள் சிரிச்சிட்டுப் போங்க, அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

என்ட கடை கல்லடியில, பாலத்தால இறங்கி வந்தா பக்கத்திலயே தெரியும். சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரர் தகரமும் பலகையும் தந்து, "தொழில் செய்யுங்க தங்கச்சி" எண்டு சொல்லி, என்னைச் சிரிக்கச் சொல்லிப் படமும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான் "தவம் கொமினிகேசன்" எண்டு பேர் எழுதிக் குந்தினன். நாட்டில நடந்த சண்டை முடியுமட்டும் அந்தத் தகரத்துக்குள்ளதான் வெந்து கிடந்தன்.

எறும்பு தின்னாத காசு

அந்த நாளையில சில்லறைக்குப் பஞ்சம். பக்கத்தில பாண் சுட்டு விக்கிற நாகராசா அண்ணன்ட பேக்கரி. அவர் மிச்சக்காசுக்குப் பதிலா டொபி இனிப்புக் குடுப்பார். எங்கட சனம் லேசுப்பட்டதா? டொபியைத் தின்னாமச் சேத்து வைச்சு, ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவர்ட மேசையில கொட்டிப் பாண் கேட்டாங்க. "நீங்க காசெண்டு தந்ததுதானே அண்ணன்?" எண்டு கேட்டா அந்த மனிசன் என்ன சொல்லும்? எல்லா டொபியையும் திருப்பி வாங்கி வைச்சார். அண்டைக்கு ராவு எறும்பு முழுக் குடும்பத்தோட வந்து இறங்கிட்டு.

அந்த நேரம் பாத்துப் போன் கொம்பனி ஒண்டு புள்ளி குடுக்கத் தொடங்கினது. ரீலோட் போடப் போட உங்கட போனில புள்ளி ஏறும். அந்தப் புள்ளியைத் திரும்பவும் ரீலோட்டா மாத்தலாம், மெசேஜ் அடிச்சு இன்னொராளுக்கும் அனுப்பலாம். சனத்துக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சா நான் சும்மா இருப்பனா? "அண்ணன், டொபியை விடுங்க. மிச்சக்காசைப் புள்ளியா அனுப்புங்க. புள்ளி அனுப்புற ஆளுக்குப் பாண் குடுங்க. உங்களிட்டப் புள்ளி கூடினா நான் எடுத்துக்கிட்டு ரீலோட் தாறன்" எண்டு சொன்னன். கண்ணால காணாத சாமானுக்கு எப்பிடிப் பாண் குடுக்கிற எண்டு நெத்தியைச் சொறிஞ்சார். கொஞ்சம் கழிச்சு அவரே தலையை ஆட்டினார்:

"சரி புள்ள, இதை எறும்பாவது தின்னாதுதானே!"

கல்குலேட்டரைப் பிடிச்ச நண்டு

கனகு அண்ணன் வாவியில தோணி விடுற மனிசன். கதை குறைவு, கோவம் கூட. ஒரு நாள் காலையில உயிர் நண்டைக் கயித்தில கட்டிக் கொண்டுவந்து என்ட மேசையில பொத்தெண்டு போட்டார். அதில ஒண்டு என்ட கல்குலேட்டரைக் கவ்விப் பிடிச்சிட்டு. "இதுக்கு எவ்வளவு புள்ளி?" எண்டு கேட்டார். ஆருக்குக் கோல் எடுக்கப் போறீங்க எண்டு கேட்டன். ஒருத்தருக்கும் இல்ல எண்டார். ஒருத்தருக்கும் எடுக்காத மனிசனுக்கு என்னத்துக்கு ரீலோட் எண்டு வாய்க்கொழுப்பில கேட்டுப்போட்டன்.

அதுக்குப் பிறகுதான் விசயத்தைச் சொன்னார். பெரிய தோணியையும் வலையையும் கடல் கொண்டு போக, அவர்ட மனிசி ராசாத்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. முதல் வீட்டில இருந்து ஒழுங்காக் கோல் எடுத்தவ. பிறகு அந்த வீட்டுக்காரி அவவை வேற வீட்டுக்கு மாத்திவிட்டா. அண்டையில இருந்து ஒரு சத்தமும் இல்ல. ஏஜென்சிக்காரன் "சுகமா இருக்கிறா, சுகமா இருக்கிறா" எண்டு ஒரே பாட்டுத்தான். ராசாத்தி அக்காவுக்கு எழுத்து வாசிப்பு இல்ல. அவவுக்குப் பாடமான நம்பர் உலகத்திலயே ஒண்டுதான், அது கனகு அண்ணன்ட நம்பர். கன நாளைக்கு ரீலோட் போடாட்டி அந்த நம்பரைக் கொம்பனி வெட்டிப்போடும். வெட்டினா அவ எந்த மூலையில இருந்து எடுத்தாலும் இஞ்ச அடிக்காது.

நண்டு பேக்கரிக்குப் போனது, பேக்கரியில இருந்து புள்ளி கனகு அண்ணன்ட போனுக்குப் போய் ரீலோட்டா மாறினது. அவர்ட தகரக் கொட்டிலில கரண்ட் இல்லாததால சார்ஜுக்கும் போனை என்னட்டயே விட்டிட்டுப் போவார். "நம்பருக்கு இன்னும் கொஞ்சக் காலம் உயிர் இருக்கு அண்ணன், பயப்பிடாதீங்க" எண்டு சொன்னன். அவர் கல்குலேட்டரை நண்டிட்ட இருந்து பிடுங்கி என்ட கையில தந்தார்.

"நண்டு எவ்வளவெண்டாலும் சாகட்டும், நம்பர் மட்டும் சாகக்குடா."

சிக்னல் இல்லாத பணக்காரர்

புள்ளி யாவாரத்தில ஒரு இரகசியம் சொல்றன். டவுன் ஆக்களிட்டப் புள்ளி நிக்காது. புள்ளியில பெரிய முதலாளிமார் எல்லாரும் சிக்னல் இல்லாத ஊரில இருந்தாங்க.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு போடியார், வயல் வட்டையில கன காணி உள்ளவர். டவுனுக்கு வாற நேரமெல்லாம் ரீலோட் போட்டுக்கிட்டுப் போவார். ஊரில போன் எடுக்காதே, என்னத்துக்கு இவ்வளவு எண்டு கேட்டன். "காசைக் கையில வைச்சிருந்தா இவங்களும் கேப்பாங்க, அவங்களும் கேப்பாங்க. போனுக்குள்ள கிடந்தா ஆருக்குத் தெரியும்?" எண்டார். மனிசன் போனை வங்கியாக்கி வைச்சிருக்கார்! புள்ளி அதுபாட்டுக்கு ஏறிக் குவிஞ்சு கிடந்தது. அதைத் தாங்க ஐயா, பதிலுக்கு என்ன வேணும் எண்டு கேட்டன். போனை உயர்த்திப் பிடிச்சு, கண்ணைச் சுருக்கிப் பாத்தார்.

"எல்லாத்தையும் எடு புள்ள. எனக்கு ஒரு அம்பது ரூபாக்குச் சிக்னல் போட்டு விடு."

தயிரான புள்ளி

ரீலோட் கடைக்காரருக்கு ஒரு திமிர் இருக்கு. வாடிக்கைக்காரர்ட நம்பரெல்லாம் எங்களுக்குத் தலைக்குள்ள. ஆள் படியேறக்குள்ளயே விரல் அடிச்சு முடிச்சிரும். எல்லாருக்கும் ஒரு நாள் அந்தத் திமிருக்கு அடி விழும். எனக்கு விழுந்தது கனகு அண்ணன்ட நம்பரில.

இண்டைக்குப் போடாட்டி நாளைக்கு வெட்டு எண்டு கொம்பனி மெசேஜ் வந்த நாள் அது. என்ட ரீலோட் சிம் காலி, அதை நிரப்புற கொம்பனி ஆளையும் காணேல்ல. கையில இருந்த புள்ளி முழுவதையும் ஒரே அடியா அனுப்பினன். ஒரு இலக்கம் தப்பி அது ஓட்டமாவடியில தயிர் விக்கிற ஒரு முஸ்லிம் காக்காட போனில போய்க் குந்திட்டு. எடுத்துக் கெஞ்சினன். நல்ல மனிசன், ஆனா திருப்பி அனுப்பத் தெரியாது. போனில படிச்சுக் குடுத்தன். அவர் அமத்தின அமத்தில எனக்கு மூண்டு வெறும் மெசேஜும் ஒரு சினிமாப் பாட்டும்தான் வந்தது. கடைசியில, "தங்கச்சி, மத்தாக்கள்ட சாமான் எனக்கு ஹறாம். புள்ளி அனுப்பத் தெரியா, தயிர் அனுப்பத் தெரியும்" எண்டார். கனகு அண்ணன் வாசலில பெட்டியொண்டைக் கவிட்டுப் போட்டுக் குந்தி இருந்தார். ஏசினாரெண்டாலும் பரவாயில்ல. மனிசன் ஏசவும் இல்ல, எழும்பவும் இல்ல.

பின்னேர பஸ்ஸில ஒரு மண் முட்டி நிறையத் தயிர் வந்து இறங்கினது. நாகராசா அண்ணனிட்டப் புள்ளி கிடந்தது, ஆனா அந்தாளிட்டச் சாமான் வராமப் புள்ளி போகாது, கடைச் சட்டம் கடைச் சட்டம்தான். முட்டியைத் தூக்கி, விரலால தொட்டு, நக்கிப் பாத்து, அதுக்குப் பிறகுதான் அனுப்பினார். கனகு அண்ணன்ட போன் கிணிங் எண்டது. அவர் எழும்பிப் போனார். நான் கண்ணைத் துடைச்சன். நாகராசா அண்ணன் வாயைத் துடைச்சார்.

"புள்ள, மறுகா பிழையா அனுப்புறெண்டா, கிரான் பக்கம் நெல்லுக்காரன் ஒருவனைப் பாத்து அனுப்பு."

ஜீப்பும் நம்பரும்

கனகு அண்ணன்ட நம்பர் மூண்டு ஏழில முடியும். சும்மா வந்து விழுந்த அதிர்ஷ்டம். வீடு கட்டுற கொந்தராத்துக்காரர் ஒருத்தர்ட ஜீப்பும் மூண்டு ஏழில முடியும். எப்பிடியோ மோப்பம் பிடிச்சு வந்து, நம்பரை மாத்தித் தா எண்டு நிண்டார். தன்ட போன் புள்ளி முழுக்கத் தாறன், புதுப் போன் தாறன், வலையும் வாங்கித் தாறன் எண்டார். வலை எண்டதும் எனக்கே வாயூறினது. கனகு அண்ணன்ட பழைய வலையில மீனை விட ஓட்டைதான் கூட.

"என்ட மனிசிக்கு இந்த நம்பர்தான் பாடம். நான் மாத்தினா அவவுக்கு ஆர் போய்ச் சொல்லுற?" எண்டார் கனகு அண்ணன். கொந்தராத்துக்காரர் விடுறதாயில்ல. தோணிக்காரனுக்கு இப்பிடி வடிவான, பாக்க அழகான நம்பர் என்னத்துக்கு, ஜீப்புக்கும் போனுக்கும் ஒரே நம்பர் இருந்தா எவ்வளவு எடுப்பு எண்டு நீட்டினார். கனகு அண்ணன் வாசலில நிண்ட ஜீப்பைச் சுத்தி வந்து, பின்பக்க நம்பர் தகட்டைத் தட்டிப் பாத்தார்.

"ஐயா, இது ரெண்டு ஆணிதான். நீங்க இதைக் கழட்டி மாத்துங்க, அது லேசு."

பாலத்தில ஓடின ஓட்டம்

சண்டை முடிஞ்சிட்டெண்டு ரேடியோவில சொன்ன கிழமை. ஒரு பக்கம் வெடி கொளுத்தினாங்க, எங்கட பக்கம் வீட்டுக்கு வீடு சனம் வாயைத் திறக்காமக் கிடந்தது. லைனையும் வெட்டி வைச்சிருந்தாங்க. லைன் வந்த காலையில, சார்ஜில கிடந்த கனகு அண்ணன்ட போன் அடிச்சது. பாத்தா வெளிநாட்டு நம்பர். எடுத்து "ஹலோ" எண்டன்.

"ஆரு நீ?" எண்டு ஒரு பொம்பிளைக் குரல். "என்ட மனிசன்ட போன் உன்ட கையில எப்பிடி வந்த?"

எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. "அக்கா, நான் கடைக்காரி. போன் சார்ஜுக்குக் கிடக்கு" எண்டன். "சார்ஜுக்கோ? வீட்டில கரண்ட் இல்லையோ? சுனாமி ஆக்கள் எல்லாருக்கும் வீடு கட்டிக் குடுத்தாச்செண்டாங்க!" எண்டா. பக்கத்து வீட்டு வேலைக்காரப் பிள்ளைட போனை மதிலால வாங்கித்தான் எடுக்கிறாவாம். வீட்டுக்காரி குளிச்சு முடியுமட்டும்தான் நேரமாம். கனகு அண்ணன் தோணியில. நான் செருப்பையும் போடாமப் பாலத்துக்கு ஓடினன், பின்னால நாகராசா அண்ணன் மாக் கையோட ஓடி வந்தார். போனுக்குள்ள ராசாத்தி அக்கா: "ஏன்டி உனக்கு இப்பிடி மூச்சு வாங்குது? பக்கத்தில ஆம்பிளைக் குரல் கேக்குது, ஆரது?"

பாலத்தில காவல் நிண்ட ஆமிக்காரன் கையை நீட்டி மறிச்சான். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் எல்லாத்தையும் சேத்து, "மாத்தயா! நோனா! குவைத்! கோல்!" எண்டு, அதாவது ஐயா, மனிசி குவைத்தில இருந்து கோல் எண்டு, போனையும் கீழ தோணியையும் காட்டினன். அவன்ட முகம் மாறினது. "என்ட அக்காவும் குவைத்" எண்டான் அரைகுறைத் தமிழில. உதவி செய்யிறன் எண்டு நினைச்சு விசிலை எடுத்து ஊதினான் ஒரு ஊது. அவ்வளவுதான்! ஆமி விசில் கேட்டா வாவியில உள்ள மனிசன் என்ன செய்யும்? கனகு அண்ணன் திரும்பியும் பாக்காம மற்றப் பக்கமாத் துடுப்பை வலிச்சார் பாருங்க ஒரு வலி! அவன் ஊத ஊத இவர் வேகமா வலிக்கார். நான் "ஊதாதீங்க, ஊதாதீங்க!" எண்டு கத்துறன், அது அவனுக்கு விளங்கேல்ல. நாகராசா அண்ணன்தான் கம்பியில ஏறி நிண்டு, ரெண்டு கையையும் வாயில வைச்சுக் கத்தினார்: "கனகூ! ராசாத்தீ!"

துடுப்பு அப்பிடியே நிண்டது. தோணி கிறுகி வந்த வேகம் இண்டைக்கும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது. பாலத்தடியில முழங்கால் தண்ணியில இறங்கிப் போனைக் குடுத்தன். அவர் காதில வைச்சார். "ராசாத்தி" எண்டார். அந்தப் பக்கம் இருந்து வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. கண்ணால தண்ணி ஓட ஓட, ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டினார். பிறகு என்னை மேலும் கீழும் ஒருக்காப் பாத்தார். போனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பாலத்தில நிக்கிற ஆமிக்காரனுக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னார்:

"சத்தியமாடி ராசாத்தி, அவ வடிவே இல்ல!"

நண்டைப் புள்ளியாக்கி, தயிரைப் புள்ளியாக்கி அந்த நம்பரை உயிரோட வைச்சிருந்ததுக்கு எனக்குக் கிடைச்ச கொமிசன் இவ்வளவும்தான்.