பிள்ளையாரின் பிளக்கில் யார் யார்?

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். சாமி விளக்கில் குறை பிடிக்கிறாள் என்று நீங்கள் நினைத்துவிட்டால்...? அந்தப் பயத்தைப் போன வாரத்து இடி மின்னல் போக்கிவிட்டது.

மகள் தரணி சின்னப் பிள்ளையாகக் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் அப்பா களுதாவளைக் கோயில் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார். வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் இரவு பகலாக விளக்கு எரியும், அதை நம் கையால் அணைக்க மாட்டோம் என்று. பிள்ளை பிழைத்தாள். ஹோலின் மூலையில் படம், அதற்கு முன் ஒரு மல்டி பிளக்கில் செருகிய சின்ன மின்பல்ப். கரண்ட் கட்டானால் அது நம் கணக்கில் இல்லை. நம் கையால் மட்டும் அணைக்கக்கூடாது.

நானும் மனதார ஏற்றுக்கொண்டேன். பிள்ளையாரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அந்த மல்டி பிளக்கோடுதான்!

பிறகென்ன? அணைக்கவே மாட்டார்கள் என்று தெரிந்த பிளக் வீட்டில் அது ஒன்றுதானே. டீவி வந்து சேர்ந்தது. டீவியின் சேனல் பெட்டி வந்தது. வைஃபை, பிரிண்டர், போன் சார்ஜர்... கடைசியாகத் தரணியின் கொம்பியூட்டர். யாரும் பார்க்காத நேரத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூலை முழுக்கக் கண் சிமிட்டும். பின்னிக் கிடக்கும் வயர்களில் எது எதனுடையது என்று எனக்குத் தெரியாது; சுவரில் அணைக்கப் போனால் சாமி விளக்கும் சேர்ந்து அணையும். நான் என்ன செய்ய?

"வேலை முடிஞ்சா ஓஃப் பண்ணுடி."

"அது நித்திரை கொள்ளுதும்மா."

"நித்திரை கொள்றதுக்கு என்னத்துக்குடி கரண்ட்?"

"நீங்க நித்திரை கொள்ளக்குள்ள ஃபேன் ஓடல்லியா?"

படித்த பிள்ளை. பதிலுக்குக் குறைச்சலா?

போன வாரம் பின்னேரம் வாவிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடியிலேயே ஜன்னல் அதிர்ந்தது. தரணி வகுப்புக்குப் போயிருந்தாள். அவளது பட்டப்படிப்பின் ஆய்வு முழுவதும் அந்தக் கொம்பியூட்டருக்குள். வேறு எங்கும் பிரதி இல்லை. அது சாமி பிளக்கில் 'நித்திரை' கொள்கிறது.

நான் ஓடினேன். தரணியின் அப்பா குறுக்கே நின்றார்.

"தொடாத புள்ள! நேர்த்தி!"

"இடி விழுந்தா புள்ளட படிப்புப் போயிரும்!"

"அதுக்காகச் சாமிட விளக்க நூர்க்கிறதா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "தரணிட அப்பா, நீங்க விளக்குத்தானே நேர்ந்தீங்க? வைஃபையையுமா நேர்ந்தீங்க?"

மனுஷன் வழிவிட்டு விலகினார்.

நான் ஒரு சுட்டி விளக்கில் எண்ணெய் விட்டு, திரி போட்டு, படத்துக்கு முன் ஏற்றினேன். "அப்பனே, வெளிச்சம் குறையல்ல, பார்த்துக்கொள்" என்று கும்பிட்டேன். அதன் பிறகுதான் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சிமிட்டிய கண்கள் எல்லாம் ஒன்றாக மூடின. சுடர் மட்டும் நின்றது.

அடுத்த மின்னலில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் டீவி கருகிப் போனது. அதுவும் 'சும்மா' ஸ்டாண்ட்பையில் கிடந்ததுதான். வீட்டுக்கு வந்த தரணி கொம்பியூட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

மறுநாளே அவர் பிள்ளையாருக்குத் தனி பிளக் போட்டுக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இன்று காலை பார்க்கிறேன், அந்தப் புது பிளக்கில் ஒரு போன் சார்ஜர்! யாருடையது? நேர்த்தி வைத்த அதே மனுஷனுடையது! இனி யாரிடம் போய்ச் சொல்ல...

இதற்குள் செல்வி அக்கா ஊரெல்லாம் கதையைப் பரப்பிவிட்டார். "பிள்ளையார் படத்தில இருந்து ஒரு ஒளி வந்து கொம்பியூட்டரச் சுத்தி நிண்டதாம் கா!"

அதனால் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், ஆனால் நான் எழுதியபடியே அனுப்புங்கள். ஒளியெல்லாம் சேர்க்க வேண்டாம். காப்பாற்றியது பிள்ளையார்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்து கரம் இருந்தும், பிளக்கைக் கழற்ற மட்டும் அவர் நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்!