ஒன்பது வயசுக்கு என்ன அவசரம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. யாருக்கு வேண்டும் அது? நீச்சல் கிளப் பிள்ளைகள் வேனக்கா என்றார்கள், அவர்களுடைய அம்மாக்களும் வேனக்கா என்றார்கள். கடைசியில் கட்டின புருஷனே “என்ன வேனக்கா, வண்டி கிளம்பலையா?” என்று கேலி பேச ஆரம்பித்துவிட்டான்.

வாரநாளில் வேனில் பள்ளிக்கூட டிரிப் அடிப்பாள். சனி, ஞாயிறு வந்தால் கிளப்பின் போட்டி அணியை வெளியூர்க் குளங்களுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவாள். விடியுமுன் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வீடு. வண்டி முழுக்க ஈரத்துண்டு வாடையும் குளோரின் நெடியும். ஜன்னலைத் திறந்தால் பிள்ளைகளுக்குக் குளிரும், மூடினால் இவளுக்குக் குமட்டும். திரும்பி வரும்போது இடுப்பு இருக்கிற இடம் தெரியாது, வலி மட்டும் தெரியும்.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு ஒரு படிப்பு ஆகியிருந்தது. நெட்டை என்று ஒரு பையன், போட்டிக்குப் போகிற வழியில் தவறாமல் வாந்தி எடுப்பான். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, “அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா” என்பான். இன்னொருத்தி இரண்டாவதாக வந்து மெடலும் கையுமாக ஏறினாள். அப்பாவிடமிருந்து போன் வந்தது. “யாருடி ஃபர்ஸ்ட்டு?” என்று அந்த மனுஷன் கேட்டது டிரைவர் சீட் வரைக்கும் கேட்டது. அந்தப் பிள்ளை மெடலைப் பைக்கு அடியில் திணித்துவிட்டது. அதற்காக எல்லாப் பிள்ளையும் அழுதுகொண்டே வந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு வாண்டு இருந்தது, கடைசியாக வந்தாலும் வழியெல்லாம் பாட்டுப் பாடி உயிரை வாங்கும்.

இப்படி இருக்கும்போதுதான் நீச்சல் மாஸ்டர் அவளை நிறுத்தி, அவளுடைய மகளைப் பற்றிப் பேசினார்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அதே கிளப்பில் சாயங்கால வகுப்பில் சும்மா பொழுதுபோக்காகச் சேர்த்துவிட்டது. போன வருஷம் வரைக்கும் குளத்தோரக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தவள், இந்த வருஷம் பேய் பிடித்தமாதிரி நீந்தினாள்.

“போட்டி டீம்ல போட்டுடலாம்மா,” என்றார் மாஸ்டர். “ஒன்பது வயசே லேட்டுதான். ஏழுல வந்ததுங்க எல்லாம் எங்கயோ போயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

பிஞ்சிலேயே பழுக்கவைத்து எந்தச் சந்தையில் விற்கப் போகிறார்களோ என்று வாய்வரைக்கும் வந்தது. சம்பளம் கொடுக்கிற கிளப், விழுங்கிக்கொண்டாள்.

புருஷன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறவன், சனி ஞாயிறும் அவனுக்கு ஷிப்டு. விஷயத்தைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை, அவள் தயங்கியதும் பாய்ந்தான்.

“நம்ம பொண்ணு மெடல் வாங்குறது உனக்குக் கசக்குதா?”

“மெடல் வாங்குற பிள்ளைங்க மூஞ்சிய நீங்க கண்ணாடியில பார்த்ததில்ல.”

சனி, ஞாயிறுகளில் சுண்டுவைப் பார்த்துக்கொள்கிற தங்கச்சியும் விடவில்லை. “அக்கா, அவ ஆசைப்படுறா. தூங்குறப்பகூட காலை உதைச்சுக்கிட்டே கெடக்குறா. ஆசைப்படுறதைத் தடுத்துட்டு, நாளைக்கு அவ உன்னைக் கேட்டா என்னக்கா சொல்லுவ?”

அதுதான் நெஞ்சில் தைத்தது. வேண்டாம் என்று சொல்வது பிள்ளைக்காகவா, இல்லை தனக்கே இந்தப் பயணம் அலுத்துப்போன எரிச்சலா? அவளுக்கே பிடிபடவில்லை. நெட்டை உட்கார்கிற இடத்தில் சுண்டுவை மனசுக்குள் உட்காரவைத்துப் பார்த்தாள். கியர் போடக் கை வரவில்லை. வேண்டாமென்று மறுத்தால் பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்ட பாவம். ஊருக்கெல்லாம் சாரதி, தன் வீட்டு விஷயத்தில் மட்டும் வழி தெரியாமல் முழித்தாள்.

சரி, நீந்தப் போகிறவளையே கேட்டுவிடுவோம் என்று, வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தவளின் தலையைத் துவட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

“போட்டிக்குப் போகணும்னு அவ்வளவு ஆசையாடி?”

“ம்.”

“எந்த நீச்சல்ல சேரப்போற?”

“எதுன்னாலும் சரி.”

“தோத்துட்டா?”

“தோத்தா பரவாயில்லம்மா. ஆனா டீம்லேர்ந்து எடுத்துட மாட்டாங்கல்ல?”

“எடுத்துட்டா என்னடி இப்ப? தண்ணி எங்கேயும் ஓடிடாது.”

சுண்டு துண்டுக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுத்தாள். “எடுத்துட்டா என்னை வேன்ல ஏத்தமாட்டாங்களே. டீம்ல இருந்தாத்தான ஏறலாம், நீதான சொன்ன.”

சொன்னது உண்மைதான். கிளப்பின் சட்டம் அது. அணியில் பெயர் இல்லாத பிள்ளை வண்டியில் ஏறக்கூடாது, அது டிரைவர் பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும்.

“அதுக்காகவா இப்படி நீந்துன?”

“சனி, ஞாயிறு உன்கூட இருக்கலாம்ல. நீ வர்றதுக்குள்ள நான் தூங்கிடுறேன். என்ன பண்ணாலும் முழிப்பு நிக்கமாட்டேங்குதும்மா.”

துவட்டின கை நின்றுவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். எந்த மகராசன் சொன்னானோ, அவன் வீட்டில் பிள்ளையைப் பார்க்க நாலு பேர் இருந்திருப்பார்கள். இங்கே தன் பிள்ளை தானாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது, அம்மாவைப் பிடிப்பதற்குக் கையைக் காலை அடித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மாஸ்டரிடம் போனாள்.

“பன்னெண்டு வயசு ஆகட்டும் சார். அப்ப அவளுக்கா நீந்தணும்னு தோணுச்சுன்னா நானே கொண்டுவந்து விடுறேன்.”

“வீணாக்குறீங்கம்மா.”

“இருக்கட்டும் சார். இன்னொண்ணு, இனிமே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் சனி, ஞாயிறு ஓட்டுவேன்.”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். “பாதிக்கு இன்னொரு டிரைவரைப் போட்டா, மொத்தத்தையும் அவரே கேப்பார். தெரியும்ல?”

“கேட்டா குடுத்துருங்க,” என்றாள். வாய் வீராப்பாகத்தான் பேசியது, படி இறங்கும்போதே மனசு குறையப்போகிற சம்பளத்துக்குக் கணக்குப் போட்டது.

முதல் விடுமுறைச் சனிக்கிழமைக்குப் பெரிய திட்டமெல்லாம் வைத்திருந்தாள். பொதுக் குளத்துக்குப் போய் இரண்டு பேருமாகத் தண்ணீரில் கும்மாளம் போடுவது, பிறகு கடைத்தெருவைச் சுற்றுவது, வெளியிலேயே சாப்பிடுவது. காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, “செத்த நேரம் இடுப்பை நீட்டிக்கிறேன், நீ பையை எடுத்து வை,” என்று கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான் நினைவு இருக்கிறது.

கண் திறந்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. போன் தலைமாட்டில் இல்லை, சத்தம் வராமல் துணிக்கூடைக்கு அடியில் கிடந்தது. நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு, மடியில் பையோடு, கட்டிலோரத்தில் சுண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தன, தானே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

வேனக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஏண்டி எழுப்பல? ஒரு நாள் கெடைச்சுது, அதையும் தூங்கியே தொலைச்சுட்டேனே.”

“தொலையலம்மா,” என்றாள் சுண்டு மெதுவாக, இன்னும் யாரோ தூங்குகிறமாதிரி. “நீ தூங்கி நான் பார்த்ததே இல்லல்ல.”