ஹாட்ரிக் வீழ்த்தியவனுக்குத் தொப்பி

நாடு சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில் நான் கணக்கப்பிள்ளையாகப் பணியேற்றேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து உத்தியோகம் பெற்றவன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் ஒருவனே. என் தாயார் அப்போதும் அதே மலையில் கொழுந்து பறித்துவந்தார். அவர் கண்முன் உத்தியோகத்தனாகத் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்பதே அந்நாளில் என் ஒரே வேட்கை.

பணியேற்ற முதற்கிழமையில், திம்புள்ளப் பகுதித் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமாருக்கு எதிரான துடுப்பாட்டத்தில், அதாவது கிரிக்கெட்டில், உத்தியோகத்தர் அணிக்குப் பந்து வீசினேன். அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவர் வீழ்ந்தனர். எங்கள் துரை "ஹாட்ரிக்" என்று கைதட்டினார். அச்சொல்லின் பிறப்பை நான் படித்திருந்தேன். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் இவ்வாறு மூவரை வீழ்த்தியவருக்குப் பார்வையாளர்கள் பணம் திரட்டித் தொப்பி வாங்கி அளித்தார்கள். அதனால் அப்பெயர் என்பர். அதனை ஆங்கிலத்தில் துரைக்கு எடுத்துரைத்தேன். அவர் அதுவரை அறிந்திலர். சிரித்தவாறே தம் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிச் சென்றார்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு அதை அணிந்து சென்றேன். வேலை பிரிக்கும் அக்களத்துக்குத் துரை வரும்போது எவர் தலையிலும் எதுவும் இருத்தலாகாது.

"ஐயா, தொப்பிய எடுத்துருங்க. தொரை வர்றாரு," என்றார் கங்காணி.

"அவரே குடுத்ததுதான் கங்காணி. பாத்தா சந்தோசப்படுவாரு."

துரை வெறுந்தலையுடன் தூறலில் வந்தார். உத்தியோகத்தரிடம் அவர் ஆங்கிலமே பேசுவார். தமிழ், தொழிலாளருக்கு மட்டும். அன்று என்னிடம் தமிழில் பேசினார்.

"ஏய், தொப்பி எடு. இங்கே கொண்டா."

நேற்றைய ஹாட்ரிக்கை நான் ஆங்கிலத்தில் நினைவூட்டத் தொடங்கினேன்.

"வெளாட்டு நேத்து முடிஞ்சு. கொண்டா."

"குடுத்துருங்க கணக்கப்புள்ள, தொரைக்குச் சளி புடிச்சிரும்," என்றது பெண்கள் வரிசையில் ஒரு குரல். சிரிப்பு பரவியது. அவ்வரிசையில் சிரிக்காதவர் என் தாயார் ஒருவரே. அவர் நிலத்தை நோக்கி நின்றார். தொப்பியை இரு கைகளாலும் கொடுத்தேன்.

மாலையில் தாயார் தேநீரை என்முன் வைத்து, "மண்டைக்குப் பெருசாத்தான்யா இருந்துச்சு," என்றார்.

வானொலி வருணனையில் அச்சொல் ஒலிக்குந்தோறும் இன்றும் என் கை தலையைத் தடவுகிறது. இளைய உத்தியோகத்தர்க்கு ஒன்று கூறுவேன். சொல்லின் வரலாற்றை நான் சரியாகவே படித்திருந்தேன். அதில் ஒரு பகுதியை எண்ணிப் பார்க்கவில்லை. அங்கே தொப்பியைக் கொடுத்தது பார்த்திருந்த ஊரார். எனக்குக் கொடுத்தவர் ஒருவர். ஆதலின் அவர் ஒருவரே அதைத் திரும்பப் பெறவும் முடிந்தது.