எண் மாறிய கணக்குகள்

பெங்களூரில் பி.எஸ்ஸி. படிக்கும் என் மகளுக்குக் கணிதப் புத்தகம் தேவைப்பட்டது. புதியது யானை விலை. அல்சூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பைப் பாதி விலைக்கு வாங்கி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அசைன்மென்டுக்குக் கணக்குகளின் எண்களை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டாள். கிடைத்தது பூஜ்யம்.

"புது எடிஷன்ல நம்பரே வேறயாம்மா. நான் போட்டது எல்லாமே வேற கணக்கு. மேம் ஏத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க" என்று அழுதாள்.

அவள் தோழியின் புதிய புத்தகத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கணக்குகள்! வரிசையை மட்டும் கலைத்துப்போட்டுப் புதிய பதிப்பு என்று விற்கிறார்கள்.

இப்போதெல்லாம் பழைய புத்தகம் வாங்கியதும் புது எண்களைப் பென்சிலால் எழுதிவிடுகிறோம். படித்து முடித்தபின் ஜூனியருக்குக் கொடுத்துவிடுகிறோம், கூடவே ஒரு ரப்பரையும். அடுத்த பதிப்பு வராமலா போகும்?