வேலிக்கு வெளியே வைத்த வறை

கொக்குவிலைத் தாண்டும்போதே ஓலைப்பையின் அடி நனைந்துவிட்டது. வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். உள்ளே, வாழையிலையில் சுற்றிய பன்றியின் முன்னங்கால் சப்பை. குருநகரில் நான் ஒட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வளர்த்த கடைசிப் பன்றி அது. சண்டையால் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை இருந்த காலம். மீன் கழிவும் இல்லை, தவிடும் இல்லை. பன்றிக்கு எதைப் போடுவது? விடியலில் அடித்தார்கள். என் பங்கைக் கையில் தந்து, "இனி இங்கை உனக்குச் செய்ய ஒண்டுமில்லைத் தம்பி, கோவியாதை" என்றார். கோவிக்க ஒன்றுமில்லை. வேலை முடிந்தால் நடப்பது எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து நடந்தவன் நான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

பஸ் ஓடவில்லை. காங்கேசன்துறை வீதியில் சைக்கிள்கள்தான். மல்லாகத்தில் திரும்பி அளவெட்டிக்குள் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அங்கே என் பழைய சம்மாட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மயிலிட்டியில் இரண்டு வள்ளம் வைத்திருந்தவர். அவருடைய வள்ளத்தில் இரண்டு பருவம் வலை இழுத்திருக்கிறேன். ஊரை விட்டு எல்லோரும் எழும்பியபோது அவரும் மனைவியும் எழும்பினார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு ஒரு கோயில் மண்டபம், பிறகு தெரிந்தவர் வீட்டு விறாந்தை. இப்போது வெங்காயம் பயிரிடும் ஒரு கமக்காரர் தன் வளவு மூலையில், முன்பு புகையிலை வைத்திருந்த கொட்டிலைக் கொடுத்திருந்தார்.

சம்மாட்டியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் சிரித்தா. பையைப் பார்த்து, "உதுக்கை என்ன?" என்றா.

"பண்டியக்கா."

சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கொட்டிலுக்குப் பின்னால் வேலியில் ஆள் நுழையும் இடைவெளியாக இருந்த பொட்டுக்குள் குனிந்து, என்னையும் பையையும் வெளியே ஒழுங்கைப் பாதைக்கே கொண்டுபோய் விட்டா.

"உனக்கு விசரோ? மெல்லமாக் கதை. இந்த வளவுக்குள்ளை உது மட்டும் வரப்படாதெண்டு சொல்லித்தான் ஐயா இடம் தந்தவர். வேறை ஒரு சொல்லுச் சொல்லேல்லை மனுசன். வாடகையும் கேக்கேல்லை."

"அப்ப எறிஞ்சிட்டு வரட்டோ?"

"எறியவோ? உனக்கு வாய் கூசேல்லையோ!"

சம்மாட்டி பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார். கன்னம் ஒட்டி, தாடி நரைத்துப் போயிருந்தது. கடல் இல்லாத மனுஷன் வெங்காயத் தறைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அப்படித்தான் ஆவார் போல. சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுகிறார் என்று அக்கா பிறகு சொன்னா. பையைக் கண்டதும் அவர் முழுதாக வெளியே வந்தார்.

"வளவுக்குள்ளை எண்டுதானே சொன்னவர்? இது ஒழுங்கை. ஒழுங்கை ஆற்றை? ஊரின்ரை."

"சட்டம் கதையாதையுங்கோ. மனுசனுக்குப் பிடிக்காட்டி நாளைக்கு நாங்களும் ஒழுங்கையிலைதான். இன்னும் எத்தினை இடத்துக்கு நான் சட்டி தூக்கிறது?"

அவர் என் தோளிலிருந்து பையை இறக்கினார். பையைத் திறந்து, இலையை விலக்கி, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தா. பிறகு, "தம்பி, கல்லு மூண்டு எடு" என்றா.

ஒழுங்கை வளையும் இடத்தில், வேலிக்கும் பாதைக்கும் நடுவே, இரண்டு பனை நிற்கும் அளவுக்குத் தரை இருந்தது. அங்கே அடுப்பு மூட்டினோம். பனங்கொட்டையின் காய்ந்த கோது, ஊமல் என்போமே, அது சுற்றிவரக் கிடந்தது. ஒருமுறை பிடித்துவிட்டால் சுவாலை இல்லாமல் கணகணவென்று நிற்கும். அக்கா இறைச்சியைப் பெருந்துண்டுகளாகவே மண்சட்டியில் போட்டா. உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, ஒரு கொறக்காப்புளி, போத்தல் அடியில் கிடந்த கொஞ்சம் கள்ளு வினாகிரி. தண்ணீர் மூட விட்டு, மேலே வாழையிலை போட்டு, சட்டியால் மூடினா.

கிழட்டுப் பன்றி. அவசரப்பட்டால் செருப்புத் தோல். ஆகவே அவசரப்படவில்லை. நான் ஊமலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் பெரிய வீட்டில் ஒரு பச்சைக்குழந்தை விட்டுவிட்டு அழுதது.

"ஐயாவின்ரை மகளின்ரை பிள்ளை," என்றா அக்கா. "பால் காணாதாம். உதிர்த்து வறை வைச்சுக் குடுத்தாப் பால் ஊறுமெண்டு ஐயா பால்சுறாவுக்கு ஆலாய்ப் பறக்கிறார். இவரிட்டையும் வந்து கேட்டவர்."

"சம்மாட்டியிட்டை சுறாக் கேட்டவர்," என்றார் சம்மாட்டி. "கடலைக் கொண்டு வா எண்டு கேட்டிருக்கலாம்."

வெயில் இறங்கும்போது, அகப்பைக் காம்பால் குத்தினால் இறைச்சி தானாகவே பிரிந்தது. எலும்பு கையோடு கழன்று வந்தது. அக்காவிடம் குழம்புக்குத் தூளில்லை. இருந்ததெல்லாம் அயலில் விளைந்த வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேங்காய், ஒரு சரை பெருஞ்சீரகம். அந்தச் சாமான்களுக்கு அவவின் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். மயிலிட்டியில் எத்தனை சுறாவை அவித்து, தோல் நீக்கி, பிழிந்து, உதிர்த்திருப்பா! அதே மாதிரி இந்த இறைச்சியையும் சுளகில் கொட்டி, சூட்டோடு விரல்களால் நார்நாராகப் பிரித்தா. நானும் பிரித்தேன். விரல் சுட்டது, வாயில் வைத்தால் சுடுவது தெரியவில்லை. எண்ணெய் தேவைப்படவில்லை. ஒதுக்கிவைத்த கொழுப்பை உருக்கி வெங்காயத்தைப் போட்டா. அது பொன்னிறமானதும் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. பிறகு இறைச்சி நார், கடைசியில் தேங்காய்ப்பூ. மஞ்சள் ஏறி, ஈரம் வற்றி, ஓரம் மொறுமொறுத்து வந்தபோது பார்வைக்கு அது சுறா வறைதான். மணம்கூட அப்படித்தான், பசித்தவனுக்கு.

அந்த நேரம் பார்த்து ஐயா வந்தார். வளவுப் பக்கமாக அல்ல. தோட்டத்திலிருந்து மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். இருள் கவியும் மைம்மல் பொழுது. மூக்கை உயர்த்தினார்.

"எட, வறை! சம்மாட்டியார், களவாக் கடலுக்குப் போட்டு வந்திட்டியளோ? எனக்கொரு சொல்லுச் சொல்லாமல்!"

அவர் சிரித்துக்கொண்டே கிட்ட வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெங்காயமும் மஞ்சளும் நாரும். சந்தேகப்பட அதில் என்ன இருந்தது?

"பிள்ளை, ஒரு சிரட்டை என்ரை மகளுக்குத் தாங்கோ. இரண்டு கிழமையாத் தேடுறன். நான் ஒரு வாயும் கேக்கமாட்டன்."

சம்மாட்டி தரையைப் பார்த்தார். என் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது: பழுதாய்ப் போன மீன், பிள்ளைப்பெத்த உடம்புக்கு ஆகாது என்று. ஊர் ஊராக நடப்பவனுக்கு அப்படிப் பொய்கள் கைவசம் இருக்கும். ஆனால் அக்கா முந்திக்கொண்டா.

"ஐயா, இது சுறா இல்லை."

"பின்னை? திருக்கையோ? அதுவும் நல்லம்."

"மீனில்லை ஐயா. நீங்கள் வரப்படாதெண்டு சொன்ன சாமான்."

ஐயா ஒரு அடி பின்னால் வைத்தார். மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"வளவுக்குள்ளை வைக்கேல்லை," என்றார் சம்மாட்டி, மெதுவாக.

"கண் தெரியுது எனக்கு." ஐயா அவரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். "நீ ஏன் சொன்னனீ, பிள்ளை? சொல்லாமல் ஒரு சிரட்டை தந்திருந்தா எனக்குத் தெரியவே வந்திராது. இருக்கிற இடமும் போகாது."

"பால் குடிக்கிறது உங்கடை பேரன் எல்லோ, ஐயா."

அவர் தன் வளவைப் பார்த்து நடந்தார். படலை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அக்கா குரக்கன் புட்டை இறக்கி எங்களுக்குப் போட்டுவிட்டு, உள்ளே போய்ச் சீலைகளை மடிக்கத் தொடங்கினா. "சாப்பிட்டிட்டு மூட்டை கட்டு," என்றார் சம்மாட்டி. "வெறுவயித்தோடை இடம்பெயரக் கூடாது." அக்கா வந்து உட்கார்ந்தா. அவர் புட்டில் வறையைப் பிசைந்து, இரண்டாம் முறையும் வாங்கி, சட்டியை வழித்துத் தின்றார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தா. சொன்னதற்காக அவ வருந்தியதாகத் தெரியவில்லை. பயந்தா என்பது மட்டும் தெரிந்தது. உண்மை சொன்னால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

காலையில் மூட்டைகள் கொட்டில் வாசலில் இருந்தன. ஐயா குழி தோண்டும் அலவாங்கோடு வந்தார். மூட்டைகளைப் பார்த்தார். என்னிடம்தான் கதைத்தார்.

"வேலி அடைக்கத் தெரியுமோ?"

"ஓம்."

குதிக்காலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு நடந்தார். வேலியோரப் பலாவடியிலிருந்து தொடங்கி, கொட்டிலுக்கும் பெரிய வீட்டுக்கும் நடுவாக, மறுபக்க வெளிவேலி வரைக்கும். கோடு முடிந்தபோது கொட்டில் அவருடைய வளவிலிருந்து வெட்டுப்பட்டு, ஒழுங்கையோடு சேர்ந்திருந்தது.

"இதிலை அடை. ஒழுங்கைப் பக்கத்திலை இவைக்கு ஒரு படலை வை. கொட்டில் இனி என்ரை வளவுக்குள்ளை இல்லை. அங்கை என்ன சமைக்கினம் எண்டு எனக்குத் தெரியத் தேவையில்லை."

அது இரக்கமா, அருவருப்பா என்று எனக்கு அன்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஒரே வேலிதான் இரண்டுக்கும்.

"கிணத்துக்கு எப்பிடிப் போறது இவை?" என்று கேட்டேன்.

அவர் அதை யோசித்திருக்கவில்லை. கிணற்றைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "ஒரு பொட்டு விடு," என்றார்.

"பெரிசா விடு தம்பி," என்றா அக்கா, மூட்டையை அவிழ்த்துக்கொண்டே. "குடத்தோடை வாறது நான்."

ஐயா மறுக்கவில்லை. அலவாங்கை என் கையில் தந்தார். வேலிக்கு நடும் கிளுவைக் கதியால்கள் ஓரமாக வெட்டிக் கிடந்தன. முதலில் பொட்டு வரவேண்டிய இடத்தை அக்காவின் குடத்தை வைத்து அளந்துகொண்டு, அதற்குப் பக்கத்தில் முதற் குழியைத் தோண்டினேன்.